கொலுவில் நின்ற ராணுவ லாரிகள்

என் மாமா ராணுவத்தில் இருக்கிறார் என்று சொன்னால் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்க்கும். லாரி ஓட்டுகிறார் என்று சேர்த்துச் சொன்னதும் எல்லா முகமும் பழையபடி திரும்பிக்கொள்ளும். எத்தனை பேரைச் சுட்டார் என்று கேட்பார்கள். காஷ்மீர் மலையில் காவல் நிற்பவர்களுக்கு அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றிப்போகிறவர் யாரைப் போய்ச் சுடுவார்? எனக்கு அது பெரிய மானக்கேடாக இருந்தது.

அம்மாவுக்கோ அதுதான் நிம்மதி. தன் தம்பிக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். மிலிட்டரி என்றதும் வந்த வரன்கள் நைசாக நழுவிக்கொண்டிருந்தன. அதனால் ஒரு பேச்சைத் தயாராக வைத்திருந்தாள். "வண்டி ஓட்றான், அவ்ளோதான். சண்டைக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்ல. நம்ம மவுண்ட் ரோட்ல ஓட்றதவிட அங்க சேஃப்பு!" மாமா பக்கத்தில் இருந்தால் சிரித்தபடி தலையாட்டுவார்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு அவர் லீவில் வந்திருந்தார். கொலு பார்க்க வருவதுபோல் ஒரு குடும்பம் எங்கள் கோட்டூர்புரம் வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. பிடிக்காவிட்டால் சுண்டல் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம், யாருக்கும் சங்கடமில்லை.

கொலுப்படிகள் அம்மாவின் ஆட்சி. படிக்குக் கீழே தரையில் வைக்கிற பார்க் என்னுடையது. மற்ற பிள்ளைகள் பார்க்கில் கிரிக்கெட் மைதானமும் குளமும் வைப்பார்கள். நான் செங்கல்லை அடுக்கி, ஈரச் சாக்கைப் போர்த்தி, பஞ்சைப் பிய்த்துப் பனி தூவி, ஒரு காஷ்மீரையே கொண்டுவந்துவிட்டேன். பாண்டி பஜாரில் மாமா வாங்கித் தந்த பச்சை பிளாஸ்டிக் லாரிகளை மலைப்பாதையில் ஒன்றோடொன்று ஒட்டி, ரயில்போல அழகாக நிறுத்தினேன்.

அந்தப் பக்கமாகப் போன மாமா குனிந்து லாரிகளைத் தள்ளித் தள்ளி வைத்தார். நான் மறுபடி ஒட்டி வைத்தேன். காபி டம்ளரோடு திரும்பி வந்தவர் மறுபடி பிரித்தார்.

"மாமா, கலைக்காதீங்க!"

"இல்ல கண்ணு. இப்டி கேப் உட்டுதான் போவணும்."

"பாக்க நல்லாவே இல்ல."

அவர் கடைசி லாரியை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். ராணுவத்தில் ஒரு வரிசைகூட ஒழுங்காக நிற்கத் தெரியாதா என்று எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். அம்மா பெண்ணின் அப்பாவை ஃபேனுக்கு நேராக உட்காரவைத்து மவுண்ட் ரோடு பேச்சைத் தொடங்கிவிட்டாள். அவரும் "அப்ப பயமில்ல" என்று சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பெண், பின்னால் எனக்கு அத்தையானவர், என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். பொம்மைகளை விட்டுவிட்டு என் மலையைப் பார்த்ததால் அவரை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

"லாரிலாம் ஏன் இவ்ளோ தள்ளி நிக்குது?"

"எல்லாம் மாமா வேல," என்று புகார் சொன்னேன்.

அவர் மாமாவை நிமிர்ந்து பார்த்தார். கதவோரம் நின்றிருந்த மாமா ஒருமுறை அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு எங்களருகே வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரோட்ல எதுனா பொதச்சி வெச்சிருப்பாங்க. ஒரு வண்டி போனாலும் அடுத்த வண்டி தப்பிக்கணும்."

அந்த ஊரில் ரோட்டைத் தோண்டிப்போட்டிருக்கிறார்கள், வண்டி பள்ளத்தில் விழுந்துவிடும் என்று நான் புரிந்துகொண்டேன். எங்கள் தெருவிலும் அப்போது தோண்டிப்போட்டிருந்தார்கள்.

"இதுல உங்க வண்டி எது?" என்று அத்தை கேட்டார்.

மாமா முதல் லாரியைத் தொட்டுக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் மாமாவா முதலில் போகிறார்? பருப்பு மூட்டை மானக்கேடெல்லாம் ஒரே நொடியில் போயே போய்விட்டது.

அத்தை அந்த முதல் லாரியை எடுத்து வரிசையின் நடுவில் வைத்தார். நான் விடுவேனா? "மாமாதான் முன்னாடி போவணும்!" என்று கத்தினேன். மாமா சிரித்தார். அதை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார். அத்தை அதைத் திரும்பவும் தொடவில்லை.

போகும்போது, தனக்குச் சம்மதம் என்று அத்தை தன் அப்பாவிடம் அங்கேயே சொல்லிவிட்டார். தன் வாய்ச் சாமர்த்தியத்தால்தான் அந்தக் கல்யாணம் நடந்தது என்று அம்மா இன்றுவரை நம்புகிறாள். நாங்கள் யாரும் மறுப்பதில்லை. மாமா இப்போது ஓய்வுபெற்று அடையாறில் இருக்கிறார். இடது காது கேட்காது. ஒரு பாலத்தருகே அவர் லாரிக்கு முன்சக்கரம் இருந்த இடமே தெரியாமல் போன அன்று போன காது அது. பின்னால் வந்த வண்டிகளுக்குக் கீறல்கூட இல்லை. அத்தை எப்போதும் அவருக்கு வலப்பக்கமாகத்தான் நடப்பார்.

அந்தக் கொலு நாளில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அத்தையிடம் ஓடிப்போய், "எங்க மாமா வண்டிதான் எப்பவும் ஃபர்ஸ்ட்டு!" என்றேன்.

"தெரியும்டா," என்று என் கன்னத்தைத் தொட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அம்மா சுண்டலில் மிளகாயை அள்ளிப் போட்டுவிட்டாள் என்று நினைத்து, உள்ளே ஓடிப்போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.