செவியண்ணனின் வலது காது

கொச்சி மட்டாஞ்சேரியில் மாரிச்செல்வம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. செவியண்ணன் என்று கேட்டால், சாயாக்கடையில் பாதி டம்ளரோடு நிற்பவன்கூடக் கை நீட்டி வழி காட்டுவான். நமக்குச் செவி என்றால் மேடைப் பேச்சு. இங்கே மலையாளத்தில் அது தெருப் பேச்சு, சாதாரணக் காது. கிட்டார் வாசிக்கிற பையன்கள் வைத்த பெயர். அந்தப் பெயரில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. பெருமை வந்த மனுஷன் சும்மா இருப்பானா? கடைக்குப் பலகை எழுதும்போது அதையே எழுதி மாட்டிவிட்டார்.

கடை என்றால் வீட்டின் முன்னறைதான். அப்பா சங்கரன்கோவில் பக்கமிருந்து நகரசபை வேலைக்கு வந்தவர். செல்வம் பிறந்ததும் வளர்ந்ததும் மகாவைக் கட்டிக்கொண்டதும் இந்தச் சந்துக்குள்தான். எலெக்ட்ரிக் கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்களில் ஸ்பீக்கர் போய்விட்டால், அதற்கு ஏற்ற மாற்று ஸ்பீக்கரைத் தேர்ந்து கொடுப்பது அவர் தொழில். கிழிந்துபோன பழைய ஸ்பீக்கருக்குப் புதுக் காகிதக் கோனும் கம்பிச்சுருளான காயிலும் போட்டுத் தருவதும் உண்டு. கானமேளா என்கிற மேடைக் கச்சேரிக்காரர்கள், சர்ச்சில் வாசிக்கிறவர்கள், ஃபோர்ட் கொச்சி காபிக்கடைகளில் சாயங்காலம் வாசிக்கிறவர்கள், எல்லாரும் அவரைத் தேடித்தான் வருவார்கள்.

“ஓம் பொருந்தணும், வாட் தாங்கணும். அதைக் கண்ணே பாத்துச் சொல்லிரும். அதுக்கு மேல உள்ளது செவிதான்” என்பார்.

அது உண்மை. முதுகில் ஒரே ஓம், ஒரே வாட் என்று மின் அளவு போட்ட இரண்டு ஸ்பீக்கர்கள் ஒரே ஆம்பில் இரண்டு விதமாகப் பேசும். எது யாருக்கு என்று சொல்ல அவர் ஒரு வழி வைத்திருந்தார். கிட்டார்க்காரனை முழுச் சத்தத்தில் வாசிக்கச் சொல்லிவிட்டு, முட்டி போட்டு உட்கார்ந்து, வலது காதைக் கோனுக்கு ஒரு விரல் இடைவெளியில் கொண்டுபோய் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே அந்தக் காயில் மேக்னட்டின்மேல் மயிரிழை உரசினாலும் பிடித்துவிடுவார். அப்படிச் செய்யாதே என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அடங்குகிற ஆளில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், வாசலில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: “இப்பல்லாம் சில்வண்டே இல்ல பாத்தியா மகா? கட்டடமாக் கட்டி எல்லாத்தையும் ஓட்டிட்டானுங்க.”

மகா அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்தாள். சந்து முழுக்கச் சில்வண்டுகள் உயிரை விட்டுக் கத்திக்கொண்டிருந்தன. மனுஷர் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து மறுபடி மீனை நறுக்கத் தொடங்கினாள்.

அந்த மழை ஓய்ந்த சமயத்தில்தான் வைப்பின் தீவிலிருந்து சுஜித் வந்தான். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, ஒரு கானமேளா குழுவில் கிட்டார். அந்த இடத்துக்கு எத்தனையோ பேர் கண் வைத்திருந்தார்கள். சர்ச் பெருநாள் சீசன் வரப்போகிற நேரத்தில் அவனுடைய ஆம்பில் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. மலையாளிதான் என்றாலும் செல்வத்திடம் பேசும்போது பாதித் தமிழுக்கு வந்துவிடுவான்.

செல்வம் மூன்று ஸ்பீக்கர்களை எடுத்து வைத்தார். முதலாவதைக் கேட்டுவிட்டு, “கம்பளி போத்திப் பாடுற மாதிரி இருக்கு” என்று ஒதுக்கினார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் போட்டதும் முகம் மலர்ந்தது. “இதுதான் தொறந்து பேசுது.”

சுஜித் தோளைக் குறுக்கிக்கொண்டான். “அண்ணா, கொஞ்சம் குத்துதில்லே?”

“புதுசு அப்படித்தான் இருக்கும் மோனே. ஓட ஓட இளகும்.”

செவியண்ணன் சொன்னால் சொன்னதுதான். சுஜித் அதையே மாட்டிக்கொண்டு போனான். முதல் பெருநாள் முடிந்த கையோடு திரும்பி வந்தான்.

“சங்கதி சரியில்லண்ணா. பாடுற சேச்சி செவி பொத்தியாச்சு. முன்னால இருந்த ஆள்க்காரு கூவுறாங்க. நம்ம குழு ஆசான் என்னை ஒரு பார்வை பாத்தார், செத்துப்போனேன்.”

செல்வத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாசிப்பவனைத் திட்டினார், அவன் காலடியில் வைத்திருக்கிற பெடல்களைத் திட்டினார், இந்தக் காலத்துக் காகிதத்தைத் திட்டினார். திட்டிக்கொண்டிருக்கும்போதே சில்வண்டு ஞாபகம் வந்தது. சுஜித்தை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினார். கலூருக்கு வயர் வாங்கப் போகிறேன் என்று மகாவிடம் சொல்லிவிட்டு, எறணாகுளத்தில் ஒரு காது டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

கண்ணாடி அறைக்குள் வைத்துச் சோதித்தார்கள். டாக்டர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று கேட்டார். செல்வம் சொன்னார். காதை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். அதையும் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மேல்சுரம் இரண்டு காதிலும் போய்விட்டது, வலது காதில் ரொம்ப மோசம், போனது திரும்பாது என்றார். பேச்சுக் கேட்க மிஷின் வைத்துக்கொள்ளலாம், இனி ஸ்பீக்கர் பக்கமே போகாதீர்கள் என்றும் சொன்னார்.

காதில் மிஷின் மாட்டியவனிடம் எவன் ஸ்பீக்கர் தேர்ந்து வாங்குவான்? அவருக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார். வீட்டுக்கு வந்து, நல்ல வயர் கிடைக்கவில்லை என்றார்.

மறுநாள் சுஜித் வந்தபோது செல்வம் எப்போதும் போல முட்டி போட்டார், காதை வைத்தார். கண்ணை மட்டும் மூடவில்லை. அவர் பார்த்தது சுஜித்தின் முகத்தை. முதல் ஸ்பீக்கருக்கு அவன் புருவம் சுருங்கியது. அடுத்ததற்கு வாய் கோணியது. அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய ஸ்பீக்கர் கிடந்தது, அவரே புதுக் கோனும் காயிலும் போட்டது. அதை மாட்டி மெதுவாக வாசிக்கச் சொன்னார். பையனின் முகம் தூங்கப் போகிற குழந்தை மாதிரி இளகியது.

“இதுதான் உனக்கு” என்றார் செல்வம், தானே கேட்டுக் கண்டுபிடித்த தோரணையில்.

“அண்ணா, நீங்க செவியண்ணன் தான்!” என்று சுஜித் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

பாவி மனுஷர் அன்றைக்கு நன்றாகத் தூங்கினார். பிழைக்க ஒரு வழி கிடைத்துவிட்டது. வந்தவர்கள் முகத்தைப் பார்த்தே கொடுத்தார், வாங்கியவர்கள் சந்தோஷமாகவே போனார்கள். எத்தனை நாளைக்கு ஓடுமோ அத்தனை நாளைக்கு ஓடட்டும் என்று இருந்தார். ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. பழைய ஸ்பீக்கருக்குப் புதுக் காயில் போட்டபின் அது உரசுகிறதா என்று தனியாக உட்கார்ந்து சோதிப்பார். பெரிய உரசல் என்றால் விரலுக்குத் தெரியும், சின்ன உரசல் காதுக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் எதிரே பார்க்க ஒரு முகமும் இருக்காது.

திருப்பூணித்துறையில் ஒரு கல்யாண மண்டபம். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறுகிற பாட்டில் சுஜித் சத்தத்தைக் கூட்டினான். மெதுவாக வாசிக்கும்வரை வெளியே வராத உரசல், முழுச் சத்தத்தில் ஒவ்வொரு அடிக்கும் கரகரவென்று மண்டபம் முழுக்க இழுத்தது. பாதிப் பாட்டில் அவன் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். அடுத்த கச்சேரிக்கு வேறொருவனைக் கூப்பிட்டாயிற்று.

சுஜித் ஆம்பைத் தூக்கிக்கொண்டு வந்தபோது சத்தம் போடவில்லை. அதுதான் செல்வத்துக்குப் பயமாக இருந்தது. நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னான். ஆம்பைப் பழைய இடத்தில் வைத்தான், கிட்டாரைச் செருகினான், சத்தத்தைக் கூட்டினான்.

“கேட்டுச் சொல்லுங்கண்ணா.”

செல்வம் முட்டி போட்டார். காதை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். சுஜித் சுவர் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தான்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கீழ்ச்சுரம் நெஞ்சில் மோதியது. மேலே எல்லாம் மெழுகு போல வழுவழுப்பாக இருந்தது. இவ்வளவு இனிமையான ஸ்பீக்கரை அவர் கேட்டதே இல்லை. ஒருவேளை கல்யாண மண்டபத்து ஆட்கள்தான் ஏதோ தப்புப் பண்ணியிருப்பார்களோ என்றுகூட ஒரு நப்பாசை.

“சுத்தமா இருக்கு” என்றார்.

சமையல்கட்டிலிருந்து மகா ஈரக் கையோடு ஓடி வந்தாள். “என்னங்க அது, தகரத்தைச் சுரண்டுற மாதிரி? பல்லு கூசுது!”

சுஜித்தின் கை நின்றது. அவன் திரும்பினான். கண் கலங்கியிருந்தது.

“முன்னாலெல்லாம் நீங்க கண்ணடச்சுக் கேப்பீங்க. அன்னிக்கு என் முகத்தையே பாத்துட்டிருந்தீங்க. ஏன்னு மண்டபத்துல வச்சுத்தான் புரிஞ்சது. எங்கிட்ட பறஞ்சிருக்கலாமேண்ணா. என் இடம் போச்சே.”

“தப்புப் பண்ணிட்டேன் மோனே.”

அவன் கிட்டாரை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். வாசல் பலகையை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனான். மகா அதைக் கவனித்தாள். அவளுக்குச் சில்வண்டு ஞாபகம் வந்தது, கலூரில் கிடைக்காமல் போன வயர் ஞாபகம் வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

செல்வம் ஆம்பின் பின்பக்கத்தைத் திறந்து ஸ்பீக்கரைக் கழற்றி மடியில் மல்லாத்தி வைத்தார். இரண்டு கைவிரல்களாலும் கோனை மெல்ல அழுத்தி விட்டார். வலது காதை அதன்மேல் கவிழ்த்துக்கொண்டார்.

“உரசுறது இப்பக் கேக்குதா?” என்றார்.

“கேக்குதுங்க.”

விரல்களைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து மறுபடி அழுத்தினார். “இப்ப?”

“கேக்குது. போதும் விடுங்க.”

“இப்ப?”

மகா வாயைப் பொத்திக்கொண்டாள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். செல்வம் நிமிரவில்லை. கோனை அழுத்திக்கொண்டே இருந்தார்.