நெயில் பாலிஷ் புள்ளி

வீடு மாறும்போது தங்கச்சி தன்னுடைய சிடி பிளேயரையும் ஒரு பை நிறைய சிடிகளையும் என்னிடம் கொடுத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மதுராந்தகத்திலிருந்து செங்கல்பட்டுக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவள் நான். ஹெட்போனை மாட்டி, ரயில் சத்தமே கேட்காத அளவுக்கு வால்யூமைத் திருகிவிடுவேன். மூன்று வாரம் சொர்க்கம்தான்.

ஒருநாள் ரயிலைவிட்டு இறங்கியும் காதில் 'ஙொய்' என்ற சத்தம் நிற்கவில்லை. ஆபீசில் யார் பேசினாலும் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி இருந்தது. பதறிப்போய் காது டாக்டரிடம் ஓடினேன்.

"நல்ல வேளை, சீக்கிரம் வந்துட்டீங்க, சரியாயிடும். பக்கத்துல பேசுறது கேட்கலைன்னா, வால்யூம் ஜாஸ்தின்னு அர்த்தம்" என்றார். பிளேயரின் கையேட்டிலும் அதையேதான் போட்டிருந்தது. பேட்டரி எவ்வளவு நேரம் வரும் என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்த புத்திசாலி நான்!

இப்போது வீட்டின் அமைதியில் வால்யூமை அளவாக வைத்து, திருகும் குமிழில் அந்த இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிட்டேன். ரயில் எவ்வளவு கத்தினாலும் அதைத் தாண்டுவதில்லை.

புள்ளி வைத்துப் போன முதல் நாள், ரயிலில் எதிர் சீட்டில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண் கேட்டாள்: "இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா? இன்னிக்குப் பாடாம வர்றீங்க?"

"நான் எங்கே பாடினேன்? வாய்க்குள்ள முணுமுணுப்பேன், அவ்வளவுதான்."

"நல்லா முணுமுணுத்தீங்க போங்க! டெய்லி பெட்டி பூரா கேக்கும்."

பெட்டியே சிரித்தது. நானும்தான். இப்போதெல்லாம் செங்கல்பட்டு வருவதற்குள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒரு பாட்டு பாடிவிடுகிறேன். நேயர் விருப்பமாயிற்றே!