முதல் இசைத்தட்டின் இடக்கை

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். ஒலிப்பதிவு செய்தவன் நான். என் காதால் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

1967, ஆவணி. யாழ்ப்பாணத்தில் கடலோரமாக இருந்த எங்கள் தேவாலயச் சபை மண்டபத்தில் பியானோக்காரன் றிச்சர்ட்டின் முதல் ஜாஸ் இசைத்தட்டுக்கான பதிவு. நரம்பு வியாதியால் அவனுடைய இடக்கை விரல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வந்தன. அன்று காலை பார்த்தால் ஒன்றுகூட எழும்பவில்லை. பதிவு நாடாவோ மாலை மெயில் ரெயிலில் கொழும்புக்குப் போக வேண்டும். தவறினால் தட்டு இல்லை.

பியானோ வேலை செய்யும் விதம் எளிது. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறிய சுத்தியல் எழும்பிக் கம்பியில் அடிக்கும். கம்பி அதிரும். அதுதான் சுரம். இடப்பக்கக் கோடியில் இருந்த தடித்த கம்பிகள் உப்புக் காற்றில் துருப்பிடித்துப் போனதால், நானே அவற்றைக் கழற்றியிருந்தேன். அங்கே அழுத்தினால் வெறும் 'தொப்' என்ற சத்தம்தான்.

மதியம் இரண்டு மணி. காகச் சத்தம் ஏறாமல் யன்னல்களைச் சாத்தினோம். றிச்சர்ட் வலக்கையால் மட்டும் வாசித்தான். இடக்கை மடியில் கிடந்தது.

போட்டுக் கேட்டோம்.

கீழே... ஆழத்தில்... டும்... டும்...

"என்னடா, என்னைப் பேய்க்காட்டினனீயோ? இடக்கை நல்லாத்தானே வேலை செய்யுது!"

அவன் சிரிக்கவில்லை. "நேசண்ணை, நான் தொடேல்லை. உதிலை கம்பியும் இல்லை."

மேல் மூடியைத் திறந்தேன். கம்பி இல்லை. ஆனால் அந்தச் சுத்தியல்கள்... மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

"அழிச்சுப்போட்டு இன்னொருக்காப் பதிவம்."

"வேண்டாம் அண்ணை." என் கையைப் பிடித்தான். அவன் விரல்கள் சில்லிட்டிருந்தன. "இது இல்லாட்டி எனக்குத் தட்டு இல்லை. ஆரெண்டாலும் வாசிக்கட்டும்."

பியானோப் பக்கம் திரும்பினான்.

"வாசியுங்கோ."

கட்டைகள் தாமாகத் தாழ்ந்தன...

தட்டு வெளிவந்தது. கேட்டவர்கள் எல்லோரும் அவனுடைய இடக்கையைத்தான் புகழ்ந்தார்கள். அந்த வருஷமே வலக்கையும் விழுந்துவிட்டது.

போன நத்தாருக்கு, ஞாயிறு பள்ளி மார்கிரட் ரீச்சர் அதே மண்டபத்தில் பிள்ளைகளின் கிறிஸ்து பிறப்புப் பாட்டைப் பதியச் சொன்னார். பியானோவைப் பூட்டி வைத்திருந்தோம்.

நாடாவில் பாட்டுக்கு அடியில் அதே டும்... டும்...

அதன்மேல் ஒரு வலக்கை. சுண்டுவிரல் மட்டும் அரைக்கணம் பிந்தி விழுந்தது. அந்தக் கை எனக்குத் தெரியும்.

றிச்சர்ட் சாகவில்லை. மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். இரண்டு கையும் தலையணைமேல் அசையாமல் கிடந்தன. பதிவைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை.

அவனாகவே கேட்டான்.

"நேசண்ணை... நேற்றுப் பிள்ளையள் ஏன் அவ்வளவு மெதுவாப் பாடினவை?"