ஐரோப்பாவுக்கு ஓர் ஆணி

போன ஞாயிற்றுக்கிழமை ஐரோப்பாவுக்கு ஓர் அரசியல் சட்டம் எழுதி முடித்தோம்.

சிரிக்காதீர்கள். நிஜமாகத்தான். பதினாறு ஷரத்துகள், எட்டு தேசங்களின் கையெழுத்து, ஓரத்தில் கொஞ்சம் சாம்பார்க் கறை... எல்லாம் முறைப்படி. மறுநாளே ஜினீவாவுக்குத் தபாலிலும் போட்டாகிவிட்டது. உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் செய்தது தப்புதான். ஆனால் நாங்கள் ஐரோப்பாவையே கேட்கவில்லையே!

இது எங்கே ஆரம்பித்தது தெரியுமா? ஒரு ஜாடியில்.

ரங்கூன் டல்ஹௌசி தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில், நாங்கள் ஏழு குமாஸ்தாக்கள் சேர்ந்து மெஸ் நடத்துகிறோம். ஏழு கட்டில், ஒரு குழாய், ஒரு சமையல்காரர். சமையல்காரர் பொன்னுச்சாமி. சுத்த சைவச் சமையல். அவருடைய மிளகு ரசத்துக்காகவே கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர்கள் எங்களில் இரண்டு பேர் உண்டு. ஒருவன் நான்.

ஏழு பேரில் சண்டை இரண்டே பேருக்குத்தான். ஒருவர் சங்கரலிங்கம் பிள்ளை. ரயில்வே ஆபீஸ், திருநெல்வேலி, வெங்காயத்தைக்கூட யோசித்துத்தான் சாப்பிடுவார். இன்னொருவர் தாண்டவராயன். துறைமுகத்தில் வேலை, நாகப்பட்டினம். பத்து வருஷமாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்ததில் அவருக்கு ஙாப்பியில் ஆசை விழுந்துவிட்டது. மீனையும் இறாலையும் உப்பில் ஊறவைத்து, நன்றாகக் கெட்டுப்போக விட்டு, இடித்து எடுக்கும் பர்மிய விழுது. ஒரு ஜாடி நிறைய வாங்கித் தன் கட்டிலடியில் வைத்துக்கொண்டார். அடுத்த கட்டில் பிள்ளையுடையது.

"மூக்கு இருக்காவே உமக்கு? மனுஷன் குடியிருக்கிற எடமா இது?" என்றார் பிள்ளை.

"மூடி போட்டுத்தானேங்க வச்சிருக்கேன்?"

"மூடியைத் தள்ளிக்கிட்டுல்லா வருது!"

அன்றைக்கு நின்ற பேச்சு நாலு மாசமாக நின்றே இருந்தது. இரண்டு கட்டிலுக்கும் நடுவே பிள்ளை சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். மனிதர்கள் யாரும் கோட்டைத் தாண்டவில்லை. வாசனை மட்டும் தாண்டியது. அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமானால் பொன்னுச்சாமி மூலம் சொல்லுவார்கள். "பொன்னுச்சாமி, குளிச்சது போதும்னு அவுகளுக்குச் சொல்லும்." பொன்னுச்சாமியும் கரண்டியோடு போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் மழைக்காலம் முடியும் நேரத்தில் வீட்டுக்காரி டோ மியா மாடியேறி வந்தார். வாயில் சுருட்டு, கொண்டையில் பூ. நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் என்னை 'சயா' என்று வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல மரியாதையாகக் கூப்பிடுவார். மிரட்டும்போதும் அதே மரியாதைதான்.

"சயா, வாடகைப் பத்திரம் முடியப்போகிறது. விளக்குத் திருநாளுக்குள் ஏழு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் பசேனிலிருந்து என் மாப்பிள்ளை குடிவருகிறான். அவனுக்கு ஆறு பிள்ளைகள்."

ரங்கூனில் இப்போது வீடு கிடைக்குமா? பல் பிடுங்கிய இடத்தில் பல் முளைத்தாலும் முளைக்கும், வீடு கிடைக்காது. மெஸ் உடைந்தால் பொன்னுச்சாமியும் போய்விடுவார். ஒன்பது வருஷமாக என் வீடு என்று நான் நினைத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு கூடத்தைத்தான்.

தாளை எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளை, தாண்டவராயன் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட மாட்டார். தாண்டவராயன், பிள்ளை பெயருக்குக் கீழே போட மாட்டார். பக்கத்தில் பக்கத்தில்? அப்படியானால் வலது பக்கம் யார், இடது பக்கம் யார்? நாலு தாள் கிழிந்ததுதான் மிச்சம்.

இந்த லட்சணத்தில்தான் ஐரோப்பா குறுக்கே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். பிள்ளை பேப்பரைச் சத்தம்போட்டுப் படித்தார். ஐரோப்பிய தேசங்கள் எல்லாம் ஒரே கூட்டாட்சியாகச் சேர வேண்டும் என்று ஜினீவாவில் ஒரு மந்திரி பேசியிருக்கிறாராம். ஆனால் எப்படிச் சேர்வது என்று யாருக்கும் தெரியவில்லையாம்.

"நாம எழுதிக் குடுத்தா என்ன?" என்றார் ஒருவர்.

என்ன தப்பு? சமீபத்தில்தான் சீமையிலிருந்து ஒரு கமிஷன் கப்பலேறி வந்தது. நம்மை எப்படி ஆளலாம் என்று விசாரித்து எழுத ஏழு பேர். நம் ஆள் ஒருவர்கூட அதில் கிடையாது. சரி, நாங்களும் ஏழு பேர். எங்களிலும் ஒரு வெள்ளைக்காரர்கூடக் கிடையாது. இதைவிட வேறு என்ன யோக்கியதை வேண்டும்?

பொன்னுச்சாமியின் பருப்பு டின்னில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம். எனக்கு ஸ்விட்சர்லாந்து. யார் சண்டைக்கும் போகாத தேசம் என்பதால் அக்கிராசனப் பதவியும் எனக்கே. பிள்ளைக்குப் பிரான்ஸ். தாண்டவராயன் சீட்டைப் பிரித்தார்... ஜெர்மனி! விதி என்று ஒன்று இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் நம்பினேன்.

கீழே குடைக்கடை வைத்திருக்கும் காதர் காக்கா, கீழக்கரைக்காரர், சத்தம் கேட்டு ஏறி வந்தார். துருக்கியை அவருக்குக் கொடுத்தோம்.

"துருக்கி ஐரோப்பாவுல சேத்தியா, இல்லையா? அத மொதல்ல சொல்லுங்க" என்று மேல்படியிலேயே நின்றுகொண்டார். மூன்று வாரமாகியும் அதற்கு எங்களால் முடிவு சொல்ல முடியவில்லை. அவரும் படியிலேயே உட்கார்ந்து எல்லா விவாதத்திலும் கலந்துகொண்டார்.

இங்கிலாந்துச் சீட்டு மிச்சம் இருந்தது. யாருக்கும் தொட மனசில்லை. பொன்னுச்சாமியிடம் கொடுத்தோம்.

"நான் ஒங்க கூட்டத்துல சேரலீங்க. எனக்கு அடுப்பு வேல இருக்கு" என்றார். நாலு எட்டு நடந்தவர், திரும்பி வந்தார். "ஆனா என்னயக் கேக்காம எதையும் முடிவு பண்ணிறாதீக!"

இங்கிலாந்தை இவ்வளவு கச்சிதமாக வேறு யாராலும் நடித்திருக்க முடியாது.

சபையில் ஆள் பெயர் சொல்லிப் பேசக்கூடாது, தேசத்தின் பெயர் சொல்லித்தான் பேச வேண்டும் என்று ஒரு விதி வைத்தேன். சும்மா ஒரு தோரணைக்காக வைத்ததுதான். அது என்ன வேலை செய்தது தெரியுமா? பிள்ளை எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஜெர்மனி தேசம் எல்லையோரத்துல ஒரு ஜாடி வச்சிருக்கு. அதனால பிரான்சு தேசத்து ஜனங்களுக்கு ராத்திரித் தூக்கமே கெடையாது. இதைச் சபை கவனிக்கணும்."

தாண்டவராயன் எழுந்தார். "பிரான்ஸ் தேசம் காலைல அரை மணி நேரம் குழாய விடாம புடிச்சுக்குது. ஜெர்மனி தெனமும் பாதிக் குளியலோடதான் ஆபீசுக்கு ஓடுது. அதையும் சபை கவனிக்கட்டும்!"

அட! நாலு மாசமாக ஊமையாயிருந்த இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். கத்தினார்கள் என்றால் இன்னும் சரி. ஆனால் ஒருவர் கத்தியதை மற்றவர் உட்கார்ந்து கேட்டார். அதன் பலனாக ஷரத்து ஏழு: ஒவ்வொரு தேசமும் தன் எல்லைக்குள் எதை வேண்டுமானாலும் தின்னலாம், ஜாடி இருந்தால் வாயில் துணி கட்டி, மூடி போட்டு, மூடியின்மேல் கல் வைக்க வேண்டும். ஷரத்து எட்டு: ரைன் நதியில் எந்தத் தேசமும் பத்து நிமிஷத்துக்குமேல் குளிக்கக்கூடாது.

இதைப் படித்துவிட்டு ஜினீவாவில் என்ன நினைப்பார்களோ, தெரியாது. எனக்கு என்னவோ அங்கேயும் அடிப்படைத் தகராறு இதுதான் என்று தோன்றுகிறது.

மூன்றாவது ஞாயிறு. பதினாறு ஷரத்தும் ஏகமனதாக நிறைவேறிவிட்டன. இங்கிலாந்து எல்லாருக்கும் பாயசம் ஊற்றியது. கையெழுத்துதான் பாக்கி. பேனாவை நீட்டினேன்.

"மொதல்ல ஜெர்மனி போடட்டும்ங்கிறீரா? அதுக்குக் கீழயா பிரான்சு?" என்றார் பிள்ளை.

"பிரான்சுக்குக் கீழ நாங்க போடறதா? எழுதினது எல்லாம் தண்டம்னு வச்சுக்குங்க" என்றார் தாண்டவராயன்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்விட்சர்லாந்து முதல்முறையாகப் படையெடுத்திருக்கும். அப்போது படியிலிருந்து காதர் காக்கா குரல் கொடுத்தார்.

"ஏம்ப்பா, எங்க ஊருக் கல்யாணத்துல சஹன் பாத்திருக்கியளா? ஒரே தாம்பாளத்துல சோறு. சுத்தி அஞ்சு பேரு உக்காந்து திம்போம். அதுல மொத ஆளு யாரு, கடைசி ஆளு யாரு? சொல்லுங்க பாப்போம்."

காக்கா, பொன்னுச்சாமியின் சாப்பாட்டுத் தட்டு ஒன்றை வாங்கித் தாளின்மேல் கவிழ்த்து, பென்சிலால் சுற்றி வட்டம் போட்டார்.

"இதச் சுத்திப் போடுங்க. மேலயும் இல்ல, கீழயும் இல்ல."

போட்டார்கள். படியிலிருந்த துருக்கியையும் சேர்த்து எட்டு தேசங்களும் வட்டமாகப் போட்டன. பிள்ளை தன் கையெழுத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். தாண்டவராயனும் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார். அவரவர் இடத்திலிருந்து பார்த்தால் அவரவர் பெயர்தான் மேலே இருந்தது!

அதே தட்டை எடுத்தேன். வீட்டுப் பத்திரத்தின் அடியில் கவிழ்த்தேன். வட்டம் போட்டேன். பேசாமல் என் பெயரை எழுதித் தாண்டவராயனிடம் நீட்டினேன். அவர் பாயச மயக்கத்தில் படிக்காமலே போட்டுவிட்டார். மற்ற நாலு பேரும் போட்டார்கள். கடைசியாகத் தாள் பிள்ளையிடம் போனது. ரயில்வேக்காரர், படிக்காமல் விடுவாரா?

"இது வீட்டுப் பத்திரம்லாவே?"

"ஆமாம்."

பொன்னுச்சாமி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றார். பிள்ளை சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். துணி கட்டிக் கல் வைத்திருந்த ஜாடியைப் பார்த்தார். கையெழுத்தைப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவைத் தாண்டவராயன் பக்கம் நேராக நீட்டினார்.

"மூடி வையும்வே. மை காஞ்சிரும்."

"சரிங்க" என்றார் தாண்டவராயன்.

நாலு மாசத்துக்குப் பிறகு, தேசத்தின் பெயர் இல்லாமல், பொன்னுச்சாமி இல்லாமல் பேசிய முதல் பேச்சு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரசம் பிழைத்த சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

டோ மியாவிடம் நானே பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தாளை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"சயா, இதில் தலை எது?"

"தலையே கிடையாது. எல்லாரும் சமம். ஐரோப்பிய முறை!" என்றேன்.

டோ மியா சுருட்டை ஒரு இழுப்பு இழுத்தார். "கூரை ஒழுகினால் ஏழு பேரும் ஓடிவந்து கத்துவீர்கள். குழாயை உடைத்தது யார் என்று கேட்டால் ஒருவர்கூட வர மாட்டீர்கள். பிடிக்க எனக்கு ஒரு கழுத்து வேண்டும்."

கொண்டை ஊசியை எடுத்தார். வட்டத்தின் நடுவில் ஒரு குத்து. மாடிப்படிச் சுவரில் இருந்த ஆணியில் தாளை மாட்டி, விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். தாள் ஆடி ஆடி நின்றது.

"மேலே யார் பெயர் இருக்கிறதோ, இந்த மாசம் அவர் கழுத்து. அடுத்த மாசம் ஒரு பெயர் திருப்புவேன். போங்கள்."

ஐரோப்பாவின் அத்தனை மந்திரிகளும் சேர்ந்து உட்கார்ந்தாலும் இவ்வளவு சுருக்கமாக ஒரு தலைமைப் பதவியைக் கண்டுபிடிப்பார்களா? மாட்டார்கள். அவர்களிடம் கொண்டை ஊசி கிடையாது.

மேலே நின்ற பெயர் யாருடையது என்று கேட்கிறீர்களா? என்னுடையதுதான்.

அன்று சாயங்காலமே பிரான்சும் ஜெர்மனியும் தோளோடு தோள் உரச என் கட்டில் முன்னால் வந்து நின்றன. இருவருக்கும் பொதுவான தகராறுப் பொருள் தலைவரின் பாதுகாப்பில்தான் இருக்க வேண்டுமாம். ஏகமனதான தீர்மானமாம். ஆளுக்கு ஒரு கை கொடுத்து, ஜாடியைத் தூக்கி என் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். போகும்போது இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

ஜினீவாவிலிருந்து இன்னும் பதில் இல்லை. வந்தால் பதினேழாவது ஷரத்தையும் அனுப்பிவைப்பேன்: சுவரில் ஓர் ஆணி.

டோ மியா தாளைத் திருப்ப இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. யாரிடமாவது நல்ல அத்தர் இருந்தால் பத்திரிகை விலாசத்துக்கு உடனே அனுப்புங்கள்!