ஏர்வெல்லும் என் இரவல் குரலும்

கட்டட வரைபட ஆபீசில் கோடு போடுவது சுலபம்; போன் எடுப்பதில்தான் உயிர் போகும். முதலாளிக்காகப் போன் எடுத்துப் பிழைக்கும் சகபாவிகளே, இதன் முடிவில் உங்களுக்கு ஒரு நல்ல சிரிப்பு வைத்திருக்கிறேன். இப்போதே தர மாட்டேன். சிங்கப்பூரில் கட்டாயப் பட்டாளத்துக்குக் கூப்பிடும் வரை, பதினேழு வயதில், தேக்காவில் கட்டடம் வரையும் அருளப்பன் சாரிடம் எடுபிடியாக நான் காத்துக் கிடந்தேன் இல்லையா? நீங்களும் கொஞ்சம் காத்திருங்கள்.

குப்பைத்தொட்டி இல்லாத ஆபீஸ்

"மண்ணுகிட்ட எடுத்ததுக்கு மேல ஒரு பிடி திருப்பிக் குடுக்கணும்." கட்டடத்துக்கு மட்டுமில்லை, ஆபீசுக்கும் சார் வைத்த சட்டம் இது. அதனால் எங்களிடம் குப்பைத்தொட்டியே கிடையாது. பழைய வரைபடத்தின் முதுகில்தான் கடிதம். தேயிலைச் சக்கையும் பென்சில் சீவலும் பின்சந்து மிளகாய்ச் செடிக்கு.

புடவைக் கடை முத்தையா, கீழே கடையும் மேலே வீடுமான தன் பழைய கடைவீட்டைப் புதுப்பிக்க வந்தார். வாழைப்பழம் ஒன்றைத் தின்றுவிட்டு, தோலைக் கையில் பிடித்தபடியே சாரின் கொள்கையை ஒரு மணி நேரம் கேட்டார். போகும்போது என்னிடம் குனிந்து, "தம்பி, இதை எங்க போடுறதுன்னு உங்க சார் ஒரு பிளான் வரைஞ்சு குடுப்பாரா?" என்றார்.

கோழிக் கதவு

எங்கே வீடு இடித்தாலும் சார் லாரியோடு போய் நிற்பார். ஊருக்கு வெளியே சுவா சூ காங்கில் கோழிப் பண்ணைகளைக் காலி செய்தபோது நல்ல மரக் கதவுகளாக அள்ளி வந்து, முத்தையா கடைக்குப் பொருத்தச் சொன்னார். "சார், கோழி வாசனை அடிக்குது!" என்று மூக்கைப் பிடித்தார் முத்தையா. "அதெல்லாம் உங்க மனப்பிரமை" என்றார் சார்.

யார் குரலையும் அப்படியே எடுத்துவிடும் நான் கதவுக்குப் பின்னால் சும்மா இருப்பேனா? "கொக்... கொக்கொக்!" முத்தையா துள்ளிய துள்ளலில் செருப்பு ஒன்று சாலைக்கே போய்விட்டது. கான்ட்ராக்டர் ஆ செங் என்னை எட்டிப் பார்த்துவிட்டு, கடை முதலாளி முத்தையாவிடம் சொன்னார். "தவுக்கே, கதவு நல்ல கதவு லா. பின்னாடி கோழிதான் மாத்தணும்."

இரண்டு பேர், ஒரு தொண்டை

ஏர்வெல் என்றால் கடைவீட்டின் நடுவே வானம் தெரியும் முற்றம். அதை மூடி ஏர்கான் போடச் சொன்னார் முத்தையா. "மூடினா கட்டடம் மூச்சு விடாது. வேற ஆளைப் பாருங்க!" என்றார் சார். "பாத்துக்கிறேன் லா!" என்று முத்தையா படியிறங்கிவிட்டார். எங்கள் கையில் இருந்ததே அந்த ஒரு வேலைதான். அது போனால் ஆபீசையே மூட வேண்டியதுதான். ஆனாலும் சார் போனைத் தொடவில்லை. "யாராவது கூப்பிட்டாங்களாடா?" என்று மட்டும் மணிக்கொரு தடவை கேட்டார்.

மூன்றாம் நாள் சார் சாப்பிடப் போயிருந்தபோது போன் அடித்தது. முத்தையா! யோசிக்கும் முன்பே என் தொண்டையிலிருந்து சார் கிளம்பிவிட்டார். "மிஸ்டர் முத்தையா... நான் கோபப்பட்டது தப்பு. மன்னிச்சிடுங்க." அந்தப் பக்கம் ஒரே விசும்பல். "பட்டோட நெசமான கலர் அந்த வெளிச்சத்துலதான் சார் தெரியும். எனக்கு மட்டும் மூட ஆசையா? மருமகன்தான் ஏர்கான் ஏர்கான்னு... வீட்டுல என் பேச்சு எடுபடலை சார்." கால் மணி நேரம் அழுதுவிட்டு, "மருமகன்கிட்ட நான் பேசிக்கிறேன், ஏர்வெல் திறந்தே இருக்கட்டும் சார்" என்றார். நானும் அடித்தொண்டையில் "ம்... ம்..." என்றேன்.

சாயங்காலம் கீழே காப்பிக் கடைப் போனிலிருந்து சாரைக் கூப்பிட்டேன், முத்தையாவாக. "ஏர்வெல் இருக்கட்டும் சார். சாரல் அடிக்காம மட்டும் பாத்துக்குங்க லா." வேலை மறுபடி தொடங்கியது. பழைய சண்டையை இருவரும் நாகரிகமாக மறந்துவிட்டார்கள். நானும்தான்.

கடை திறந்த அன்று ஏர்வெல் வெயிலில் பட்டுகள் ஜொலித்தன. முத்தையா உருகிப்போய் சாரின் கையைப் பிடித்தார். "நீங்க போன்ல மன்னிப்புக் கேட்டீங்களே, அது பெரிய மனசு சார்."

"மன்னிப்பா? நானா? நீங்கதானே அன்னைக்குச் சாயங்காலம் கூப்பிட்டு இறங்கி வந்தீங்க?"

"சாயங்காலமா? நான் கூப்பிடலையே!"

என் வாய் நிறைய லட்டு. எந்தக் குரலும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து, கதவுக்குப் பின்னாலிருந்து ஆ செங், "கொக்... கொக்கொக்!" என்றார்.

இருவரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். முத்தையாவின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. "அடப்பாவி! அப்ப நான் கால் மணி நேரம் அழுதது உன்கிட்டயாடா?"

எடுத்ததற்கு மேல் ஒரு பிடி திருப்பிக் கொடுக்கும் கொள்கையில் சார் எவ்வளவு உறுதியானவர் என்பதை, ஆளுக்கொன்றாக அவர்கள் பிடித்துத் திருகிய என் இரண்டு காதுகளும் சொல்லும்.