லிஃப்ட்காரனின் ரத்தக் குழாய்கள்

என் மனைவியின் தம்பி முப்பத்திரண்டு வருடம் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினான். ஓட்டினான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஸ்டூலில் தலையணை போட்டு உட்கார்ந்து பட்டனை அமுக்கினான். அவன் உடம்பில் உழைத்த ஒரே உறுப்பு ஆட்காட்டி விரல். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு சிமெண்ட் மூட்டை சுமந்தவன். சுமந்த கடையையே பிறகு விலைக்கு வாங்கியவன். எழுபத்திரண்டு வயதிலும் கைப்பிடியைத் தொடாமல் மாடி ஏறுகிறேன். எங்கள் வீட்டோடு இருக்கிற அவனுக்கு அறுபத்தாறு. வாசலில் இருக்கிற இரண்டு படிக்கே மூச்சு வாங்கும்.

போன வருடம் இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. டீவியில் பேசுவது யாரென்று அக்காவிடம் கேட்பான். ஆபரேஷனுக்குப் போனால் பிரஷர் அதிகம் என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"மாத்திரை மட்டும் போதாது. ரத்தக் குழாய் விறைச்சுப் போயிருக்கு. வாரத்துல மூணு நாள் தசைக்கு வேலை குடுங்க," என்று டாக்டர் ஒரு ரப்பர் பட்டையை இழுக்கச் சொன்னார்.

விறைக்காமல் என்ன செய்யும்? வெயிலில் சும்மா போட்ட ஹோஸ் பைப்பும்தான் விறைக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தில் பட்டையை மாட்டி, ஈ ஓட்டுகிற மாதிரி இழுத்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"இது இழுக்கிறதாடா, தடவிக் குடுக்கிறதா?"

"டாக்டர் மெதுவாத்தான் இழுக்கச் சொன்னார், மாமா."

"அவர் மூட்டை தூக்கியிருக்காரா? தம் கட்டி இழுடா!"

ஆயுசெல்லாம் யாரோ சொன்ன மாடிக்குப் போனவன் அல்லவா, உடனே கீழ்ப்படிந்தான். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாவது இழுப்பில் கண் சொருகி, நாற்காலியிலிருந்து சரிந்தான். என் மனைவி போட்ட கூச்சலில் தெருவே வந்துவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிற பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். "இழுக்கும்போது மூச்சை வெளிய விடணும். அடக்கினா அந்த நேரத்துல பிரஷர் எகிறும். நீங்க மூட்டை தூக்கினப்ப உங்க வயசு இருபது, ஐயா."

என்னிடம் அப்படி யாரும் பேசுவதில்லை. ஆனால் அவள் சொன்னது சரி. சரியை ஒப்புக்கொள்ள எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை.

இவனோ பட்டையைக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டான். "கண்ணு போனாப் போகட்டும். உயிராவது மிஞ்சட்டும், மாமா."

கோழை. அக்காவோ அழுகிறாள். கெடுத்தது நான், சரி செய்வதும் நான்தான் என்று வாரம் மூன்று நாள் அவன் எதிரே போய் உட்கார்ந்தேன். "ஒண்ணு, மூச்சை விடு. ரெண்டு, விடு." அதிலும் திருட்டு. எண்ணுவதை அவனிடம் விட்டால் ஆறுக்குப் பிறகு ஒன்பது என்பான்.

"கண்ணுதான் தெரியலை, எண்ணவுமா தெரியலை?"

"வயசானா ஏழும் எட்டும் மறந்துடும், மாமா."

பதினான்கு வாரம் இந்தக் கூத்து. மூன்றாவது தடவை ஆபரேஷனுக்குப் போனபோது பிரஷர் பார்த்த நர்ஸ், "உள்ள போங்க," என்றாள். மாத்திரையும் பட்டையும் சேர்ந்து செய்த வேலை என்றார் டாக்டர். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, போகட்டும்.

கட்டுப் பிரித்ததும் ஒரு கண்ணால் என்னையே வெகுநேரம் பார்த்தான்.

"என்ன மாமா, இவ்வளவு கிழவனாயிட்டீங்க!"

என் மனைவி சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"இன்னொரு கண்ணு பாக்கியிருக்கு. பட்டையை எடுடா," என்றேன்.