சஹன்ல மறைச்சாலும் சென்சார் விடலை

கீழக்கரையில செல்போன் ரிப்பேர்க் கடை வச்சிருக்கிறவன் பாதி டாக்டர். சுகர் மெஷினையும் போனையும் சேர்த்து விடுறது, மாத்திரைக்கு அலாரம் வைக்கிறது, அலாரம் அடிச்சா எரிச்சலா இருக்குன்னு வாரவங்களுக்குப் புத்தி சொல்றது, எல்லாம் என் தலையிலதான். அம்புட்டுப் பேருக்கும் சொல்ற எனக்கே சர்க்கரை. கல்லாவுக்குப் பின்னால உக்காந்து உக்காந்து சேர்த்த சொத்து. கால் பெருவிரல்ல செருப்பு கடிச்ச புண்ணு ஆறவே மாட்டேன்னுச்சு. "சர்க்கரை இறங்கலைன்னா விரலை எடுக்க வேண்டி வரும்"னு ராமநாதபுரத்து டாக்டர் சொல்லிட்டாரு. சர்க்கரைச் சொந்தங்களே, அதுக்குப் பிறகு நான் பட்ட பாட்டைக் கேளுங்க.

துபாயிலேர்ந்து வந்த ஒற்றன்

மகன் ரியாஸ் துபாய்ல இருக்கான். விஷயம் காதுக்கு எட்டினதும் ஊருக்கு வந்த ஆள்கிட்ட ஒரு சென்சார் கொடுத்தனுப்பிட்டான். மேல்கையில ஒட்டிக்கிடணும். அது சர்க்கரை அளவை என் போனுக்குச் சொல்லும், என் போன் அவன் போனுக்குச் சொல்லும். ரெண்டு போனையும் இணைச்சுவிட்ட புத்திசாலி நானேதான். எனக்கு நானே சூனியம் வச்சுக்கிட்டேன்.

ஒரு சாயங்காலம் பக்கத்துக் கடைக்காரர் தொதல் கொடுத்தாரு. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டின எங்க ஊர்த் தொதல், பல்லுல ஒட்டினா லேசுல விடாது. ஒரு துண்டுல என்ன ஆயிரப் போகுதுன்னு தின்னேன். இன்னொண்ணும் தின்னேன். அடுத்ததை வாயில போட்ட நேரம் பார்த்து ரியாஸ் கூப்பிட்டான். நான் சொன்ன சலாம் எனக்கே விளங்கலை.

"வாப்பா, முதல்ல அதை முழுங்குங்க, பிறகு பேசுவோம்."

கடல்ல நடந்தவர்

சூசை அண்ணன் வள்ளத்துல கணவாய் மீன் பிடிக்கப் போறவர். எங்க ஊர் வழக்கப்படி என்னைக் காக்கான்னு, அதாவது அண்ணன்னு கூப்பிடுவாரு. அவருக்கும் சர்க்கரை. தினம் நடக்கச் சொன்னாங்கன்னு, எத்தனை அடி நடந்தோம்னு காட்டுற ஆப் ஒண்ணை அவர் போன்ல போட்டுவிட்டேன். கடலுக்குப் போயிட்டு நேரா கடைக்கு வந்தாரு. போனை மடியில வச்சுக்கிட்டு நாள் பூரா தூண்டில் போட்டுக்கிட்டு உக்காந்திருந்திருக்காரு. வள்ளம் ஆடின ஆட்டத்தையெல்லாம் ஆப் நடைன்னு எண்ணிருச்சு! "கடல் மேல நடந்தேன்னு காட்டுது காக்கா. எங்க பங்குச்சாமி பார்த்தா கோவிச்சுக்கிடுவாரு"ன்னாரு.

எனக்குச் சிரிப்பு தாங்கலை. புண்ணு ஆறினதும் நீயும் நடக்கணும்னு எனக்கும் டாக்டர் உத்தரவு போட்டிருக்காரே! "அப்ப நானும் ஒங்க வள்ளத்துலயே வந்து நடந்துக்கிடுறேன்"னேன். அவர் சிரிக்கலை. என் கால்ல புண்ணுக்குப் போட்டிருந்த கட்டையே பார்த்தாரு.

"முதல்ல விரல் தங்குதான்னு பாருங்க காக்கா, பிறகு வள்ளத்துல ஏறலாம்."

நாலு கை, ஒரு தட்டு

தெரிஞ்சவர் வீட்டு நிக்காஹ். எங்க ஊர் விருந்துன்னா சஹன்தான். பெரிய தட்டுல பிரியாணியைக் கொட்டி, நாலு பேர் சுத்தி உக்காந்து ஒண்ணா அள்ளிச் சாப்பிடுவோம். இதுல ஒரு வசதி, யார் எம்புட்டுத் தின்னான்னு ஒருத்தருக்கும் தெரியாது. போனைக் கடையிலயே வச்சுப் பூட்டிட்டுப் போனேன். போன் இல்லாட்டி சென்சார் யார்கிட்ட கோள் மூட்டும்? பிரியாணியை ஒரு கை பார்த்தேன். பால்ல செஞ்ச இனிப்புப் பீர்னியையும் விடலை.

கடைக்கு வந்து போனைக் கையில எடுத்தப்பதான் பொறி தட்டுச்சு. போன் கிட்ட இல்லாத நேரத்து அளவையெல்லாம் சென்சார் தனக்குள்ளயே வச்சிருக்கும், போனைக் கண்டதும் ஒண்ணு விடாம ஒப்பிச்சிரும். இதை ஊருக்கே சொல்லிக் கொடுக்கிற மேதை நான்தான். திரையில கோடு விறுவிறுன்னு மேல ஏறுச்சு. உடனே ரியாஸ் கூப்பிட்டான். திட்டுவான்னு பார்த்தேன். மூக்கை உறிஞ்சுற சத்தம்தான் கேட்டுச்சு.

"வாப்பா, லீவுல நான் வாரப்ப என்னயக் கூட்டிட்டுப் போக நீங்க நடந்து வரணும், அம்புட்டுத்தான்."

ஏர்போர்ட் வாசல்ல

அதுக்குப் பிறகு தொதல் கடையைக் கண்டா எதிர்ப்பக்கம் போயிருவேன். இன்சுலின் ஊசியை ஒழுங்காப் போட்டேன். சஹன்ல உக்காந்தா சோத்தை அடுத்தவங்க பக்கம் தள்ளிட்டு இறைச்சியை என் பக்கம் இழுத்துக்கிருவேன். இப்ப என்கூட உக்கார ஒருத்தனும் வரமாட்டேங்கிறான். புண்ணு மெல்ல மெல்ல மூடுச்சு. அல்ஹம்துலில்லாஹ்!

ரியாஸ் வந்திறங்கின அன்னிக்கு மதுரை ஏர்போர்ட் வாசல்ல புதுச்செருப்போட நின்னேன். ஓடி வந்தான். கட்டிப்பிடிக்கப் போறான்னு ரெண்டு கையையும் விரிச்சேன். அம்புட்டுச் சனத்துக்கு நடுவுல பெட்டியைப் போட்டுட்டு என் காலடியில குத்தவச்சு உக்காந்துட்டான். எனக்குக் கண்ணு நிறைஞ்சிருச்சு.

"முகத்தைப் பிறகு பாத்துக்கிடுறேன் வாப்பா, முதல்ல செருப்பைக் கழத்துங்க."

விரல் அம்புட்டும் பத்திரமா இருக்கிறதைத் தொட்டுப் பார்த்த பிறகும், ஊருக்கெல்லாம் பேரீச்சம்பழம் கொண்டு வந்தவன் எனக்கு மட்டும் ஒரு பெட்டி சென்சார் கொண்டு வந்திருக்கான்னா, பெத்த வாப்பா மேல பயலுக்கு எம்புட்டு நம்பிக்கைன்னு பாத்துக்கோங்க.